உள்ளே வந்தவர் கேட்ட கேள்வி

பெங்களூரு சிவாஜிநகரில் செப்டம்பர் 8-ஆம் தேதி நடக்கும் மாதா திருவிழாவை ஒருமுறை பார்த்தவருக்கு, கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிராக வாதம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். காவி உடுத்து நடந்தே வருகிறவர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கி வருகிறவர்கள், பொட்டு வைத்தவர்கள், பர்தா போட்டவர்கள் என்று எல்லோர் கையிலும் மெழுகுவத்தி. ஒரு பக்கம் தமிழில் பூசை, இன்னொரு பக்கம் கன்னடத்தில் செபமாலை. கடவுள் இருக்கிறாரா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் தணியுமா, மகளுக்கு வரன் அமையுமா என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தத் திருவிழா நடக்கும் மாதா கோயிலின் பூர்வீகம், செஞ்சிப் பக்கமிருந்து வந்து, அன்று பிளாக்பள்ளி எனப்பட்ட அந்தப் பகுதியில் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் எழுப்பிய காணிக்கை மாதா சிற்றாலயம் என்று சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்து அந்தச் சபையைப் பராமரித்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. 1792 முதல் 1823 வரை, 31 ஆண்டுகள் அவர் நம் நாட்டில் இருந்தார். நம்மவர்போல உடுத்து, நம்மவர்போல உண்டு வாழ்ந்தார். ஊர் திரும்பிய 1823-லேயே லண்டனில் அவர் வெளியிட்ட புத்தகம், இந்துக்களைக் கிறிஸ்தவர்களாக்குவது மனித முயற்சியால் ஆகாத காரியம் என்று வாதிட்டது. ஊதாரி மைந்தன் கதையில் தகப்பன் கொழுத்த கன்றை அடிக்கிற இடத்தைச் சபையில் விளக்கியபோது கேட்டவர்கள் முகம் சுளித்ததையும் அதில் எழுதியிருக்கிறார். மகனை மன்னிக்கிற தகப்பனின் அன்பைச் சொல்லப்போன கதை, கன்றுக்குட்டியிலேயே நின்றுவிட்டது. மிஷன் ஆதரவாளர்கள் கொதித்தார்கள்; அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹஃப் மறுத்து ஒரு புத்தகமே எழுதினார்.

கிறிஸ்தவத்துக்கு இந்த மண்ணில் வந்த சவால்களைப் பற்றிப் பேசும்போது பலரும் நேராக வால்டேருக்கோ ரஸலுக்கோ போய்விடுகிறார்கள். நான் துபுவாவிடம் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இங்கே வந்த கடினமான கேள்விகளில் பாதி, வெளியே நின்று கல்லெறிந்தவர்களிடமிருந்து வந்ததல்ல. பூசை வைத்தவர், பைபிளை மொழிபெயர்த்தவர், ஞானஸ்நானம் பெற்று உள்ளே வந்து பெஞ்சில் உட்கார இடம் கேட்டவர் ஆகியோரிடமிருந்து வந்தவை அவை.

பைபிளை மொழிபெயர்த்தவர் என்று சொன்னது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவியாக 1840-களில் அவர் தமிழ் பைபிள் வேலையில் இருந்தார். சிவபக்தர், விபூதி பூசிக்கொண்டே அந்த வேலையைச் செய்தார். வேலை முடிந்தபின் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1854-இல் வெளிவந்த அவருடைய ‘சைவ தூஷண பரிகாரம்’ என்ற நூலில் உள்ள வாதம் கூர்மையானது. கோயிலில் விளக்கேற்றுவது, தூபம் போடுவது, தீட்டுப் பார்ப்பது, பாத்திரங்களைப் புனிதமாக வைப்பது எல்லாம் அஞ்ஞானம் என்று மிஷனரிகள் ஏசினார்கள். நாவலர் அவர்களுடைய பழைய ஏற்பாட்டையே திறந்து காட்டினார்: ஆசரிப்புக் கூடாரத்தில் விளக்கும் தூபமும் பலியும் தீட்டும் கடவுள் கட்டளையாக இருக்கின்றனவே, உங்கள் கடவுளுக்கு நியாயமானது எங்கள் கடவுளுக்கு ஏன் அநியாயம்? வேதத்தை வரிவரியாகத் தமிழாக்கிய கை எழுதிய கேள்வி அது. நேரான பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சைவ சித்தாந்திகளிடம் இதைவிட ஆழமான கேள்வி ஒன்று இருந்தது. ஆன்மா அநாதி, அதன் வினையும் அநாதி என்பது அவர்கள் கொள்கை. கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து ஆன்மாவைப் படைத்தார் என்றால், ஒரு குழந்தை குருடாகவும் இன்னொன்று அரண்மனையிலும் பிறப்பதற்கு அவரே பொறுப்பாளி ஆகிறார். ஒரே ஒரு பிறவி, அதில் செய்த பிழைக்கு முடிவில்லாத நரகம் என்பதும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் பாவத்துக்கு இன்னொருவர் சிலுவையில் உயிர் கொடுத்துக் கடனைத் தீர்ப்பது எப்படி நீதியாகும் என்பது அடுத்தது. 1820-இல் வங்காளத்தில் ராஜா ராம் மோகன் ராய் இயேசுவின் அறநெறி உபதேசங்களை மட்டும் தொகுத்து வெளியிட்டபோது செராம்பூர் மிஷனரிகளுக்கும் அவருக்கும் மூண்ட சண்டை, இந்தப் பாவநிவாரணத்தையும் திரித்துவத்தையும் பற்றியதுதான். இயேசுவின் ஒழுக்கம் போதும், சிலுவைக் கணக்கு வேண்டாம் என்றார் ராய். படித்த இந்தியர்களில் பலர் இன்றுவரை நிற்பது அவர் நின்ற இடத்தில்தான்.

வினைக் கொள்கை கணக்கைச் சரியாக முடிக்கிறது. ஆனால் அந்தச் சரியான கணக்கை யாரிடம் போய்ச் சொல்வது? 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம் நிறைந்திருந்தது. கடல் ஏறி வந்தது. பேராலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை. கரையிலும் கடைத்தெருவிலும் நின்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மாதா கோயிலைக் காப்பாற்றினார் என்று அப்போது பலர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்; நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு அந்த வாக்கியத்தின் மறுபாதி தொண்டையில் நின்றது. கோயிலைக் காத்தவர், கடலில் கால் நனைக்கப் போன பிள்ளையை ஏன் காக்கவில்லை? 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று லிஸ்பன் நகரத்துக் கோயில்கள் பூகம்பத்தில் இடிந்து, பூசைக்கு வந்தவர்கள்மேல் விழுந்தபோது ஐரோப்பாவை உலுக்கிய கேள்வியும் இதுவே. இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு சீயோன் ஆலயம் ஆகிய இடங்களில் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு அங்கும் இதுவே.

இதற்குக் கிறிஸ்தவத் தத்துவம் சொல்லும் பதில்கள் உண்டு: மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததன் விலை, இயற்கைக்கு ஓர் ஒழுங்கு இருப்பதன் விலை, துன்பத்தில் ஆன்மா பக்குவப்படுதல். குண்டு வைத்தவனுக்கு முதல் பதில் பொருந்தலாம், கடலுக்குப் பொருந்தாது. பிள்ளையை இழந்த தாயின் முன்னால் நின்று சொல்ல முடியாத பதிலை நான் பதிலாக ஏற்பதில்லை. வினைக் கொள்கைக்கும் அதே அளவுகோல்தான். ‘அந்தப் பிள்ளை முற்பிறவியில் செய்தது’ என்று அந்தத் தாயிடம் யார் சொல்வார்?

இங்கேதான் யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரம் எனக்கு முக்கியமாகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவருமல்ல என்று இயேசு சொல்லிவிடுகிறார். பிறப்புக்கும் பழிக்கும் இடையே இருந்த கயிற்றை அந்தப் பதில் அறுக்கிறது. துன்பம் ஏன் என்ற தத்துவக் கேள்விக்கு அது முழு விடை ஆகாது. ஆனால் ‘உன் பிறப்பே உன் தண்டனை’ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த ஒருவருக்கு, அது உலகத்தையே புரட்டிப் போட்ட சொல். சேரியிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் திரித்துவத்தை அலசிப் பார்த்துவிட்டு வந்தவர்களல்ல. அந்த அறுந்த கயிற்றை நம்பி வந்தார்கள். அவர்கள் கேட்கப்போகிற கேள்விக்கு வருமுன், வழியில் இன்னும் இரண்டைப் பார்த்துவிடலாம்.

ஒன்று பகுத்தறிவாளர்களுடையது. 1880-களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழ், இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லா வழியில் எல்லா மதங்களையும் விசாரித்தது. பின்னால் சுயமரியாதை இயக்கம் அந்த வேலையைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. கடவுளே இல்லை என்று எழுதி வைத்துவிட்டுச் செத்த பிரெஞ்சுப் பாதிரியார் ழான் மெஸ்லியேயின் மரண சாசனம் தமிழில் வந்தது. 1927 மார்ச் 6-ஆம் தேதி லண்டன் பாட்டர்சி நகர மண்டபத்தில் பெர்ட்ரண்ட் ரஸல் ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ என்று ஆற்றிய உரையும் தமிழில் வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்குக் காரணம் என்ன என்பது ரஸலின் முதல் கேள்வி. நரகத்தில் நம்பிக்கை வைத்த ஒருவர் ஒழுக்கத்தில் பூரணர் ஆக முடியுமா என்பது அவருடைய இன்னொரு கேள்வி. முதல் கேள்வி என்னை அசைத்ததில்லை. நரகத்தைப் பற்றிய கேள்வி அசைத்தது, இப்போதும் அசைக்கிறது.

அற்புதங்களைப் பற்றிய விவகாரத்தில் பெங்களூருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1976-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா, அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் விசாரிக்க ஒரு குழு அமைத்தார். அது விசாரிக்க விரும்பியது சத்திய சாயிபாபாவை. ஆனாலும் நேரில் சோதிக்க விடாத அற்புதத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற அதன் கேள்வி எல்லா வாசல்களையும் தட்டக்கூடியது. 2012-இல் மும்பை இர்லாவில் உள்ள வேளாங்கண்ணி மாதா கோயிலில் சிலுவையில் இருந்த இயேசு சொரூபத்தின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. ஜனங்கள் அதைத் தீர்த்தமாக எடுத்துப் போனார்கள். பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்து, பக்கத்துக் கழிவுநீர்க் குழாயின் அடைப்பிலிருந்து ஈரம் சுவர் வழியே ஏறிச் சொட்டுகிறது என்று சொன்னார். மதத்தைப் புண்படுத்தினார் என்று அவர்மேல் போலீசில் புகார்கள் குவிந்தன; அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார். விசுவாசியாக நான் இதில் வெட்கப்படுவது சொட்டிய நீருக்காக அல்ல. சாக்கடைத் தண்ணீரைக் குடிக்காதே என்று சொன்னவருக்கு நன்றி சொல்லாமல் வழக்குப் போட்டோமே, அதற்காக.

இன்னொன்று, மீட்பு இயேசுவின் வழியாக மட்டுமா என்ற கேள்வி. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் காலத்திலிருந்தே தமிழர்கள் இதைக் கேட்டு வந்தார்கள். 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, ஹாலந்து நாட்டு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று எழுதினார். சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அதே ஆண்டு அதற்கு எதிராக ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். சக்கரை அதற்கு முன்பே இயேசுவை அவதாரம் என்று அழைத்து எழுதியவர். அந்த விவாதம் பின்னால் பெங்களூருக்கு, மில்லர்ஸ் சாலைக்கு நகர்ந்தது. அங்கே 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது; 1957-இல் பி.டி. தேவானந்தன் தலைமையில் தொடங்கிய கிறிஸ்தவ சமய, சமூக ஆய்வு நிறுவனமும் பெங்களூரில்தான். தேவானந்தனுக்குப் பின் அதை நடத்திய எம்.எம். தாமஸ், ராம் மோகன் ராய் முதல் காந்தி வரை இயேசுவை எப்படி ஏற்றார்கள், எங்கே மறுத்தார்கள் என்று 1969-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். கர்நாடகத்துக்காரரான ஸ்டான்லி சமர்த்தா, உலகத் திருச்சபைகள் மன்றத்தில் பிற மதங்களோடு உரையாடும் பிரிவை 1971-இலிருந்து நடத்தியவர். கிறிஸ்து ஒருவரே, ஆனால் மதங்கள் பல, கடவுளின் மறைபொருள் இவை எல்லாவற்றையும்விடப் பெரிது என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். பழைய சபைகள் அதை ஏற்கவில்லை. அண்டை வீட்டாரோடு வாழ்கிற எந்தத் தமிழ்க் கிறிஸ்தவரும் நடைமுறையில் சமர்த்தாவின் பக்கம்தான் என்பது என் அனுபவம். தீபாவளிப் பலகாரத்தை வாங்கிக்கொண்டு, கொடுத்தவரை நரகத்துக்கு அனுப்ப நமக்கு மனம் வராது.

அதே மில்லர்ஸ் சாலைக் கல்லூரியில், 1981 ஏப்ரலில், அர்விந்த் நிர்மல் என்ற ஆசிரியர் கேரி சங்கத்தின் கூட்டத்தில் பேசினார். சூத்திர இறையியலை நோக்கி என்பது தலைப்பு. இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று இதுவரை நடந்தது பிராமணத் தத்துவத்தோடு நடத்திய உரையாடல்தான் என்றார் அவர். வேதாந்தத்தில் கிறிஸ்துவைத் தேடினோம்; சபையில் உட்கார்ந்திருக்கும் பெரும்பான்மையினரின் வாழ்க்கையில் தேடவில்லை. தலித் இறையியல் என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கத்தை அந்தப் பேச்சில்தான் குறிப்பார்கள். நிர்மல் பின்னால் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை ஏற்றார்.

அவர் உபாகமத்தின் 26-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அறுவடைக் காணிக்கை கொண்டுவரும் இஸ்ரவேலன், தன் முன்னோர் அலைந்து திரிந்தவர் என்று அறிக்கை செய்யும் இடம் அது. என் தலித் முன்னோனுக்கு அலைந்து திரியும் சுதந்திரம்கூட இருந்ததில்லையே என்றார் நிர்மல். ஊர் எல்லையில் கட்டிப்போடப்பட்டவனின் கடவுள் யார்? ஏசாயா சொல்லும் துன்புறும் ஊழியன்தான் என்பது அவர் விடை. மலம் அள்ளுபவரும் தெருக் கூட்டுபவரும் செய்கிற ஊழியத்தைச் செய்கிற கடவுள்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, உயர்சாதியாரைச் சேர்ப்பதற்காகப் பூணூலையும் குடுமியையும் அனுமதித்தார். 1623-இல் போப் 15-ஆம் கிரகோரி அதற்கு ஒப்புதல் தந்தார். 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இன்றும் நாம் பாடும் பாட்டுகளை எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்தைக் காத்து எழுதியவர். அவர் பாட்டைப் பாடும்போதெல்லாம் இது என் மனதில் வந்து நிற்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயில், மேலிருந்து பார்த்தால் கால்சட்டைபோல இரண்டு கால்கள் கொண்டது. வேளாளர் ஒரு காலில், நாடார் மறு காலில்; நடுவே சுவர். இரண்டு கால்களும் சேருமிடத்தில் பீடம். இரு தரப்பாரும் சாமியாரைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கட்டடக்காரர் எவ்வளவு யோசித்து அந்த அளவைப் போட்டிருக்க வேண்டும்! 1910-இல் கௌசானல் சாமியார் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். 98 ஆண்டுகள் இடைவெளி.

சட்டம் இதில் போட்டிருக்கும் முடிச்சு தனி. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. சென்னையில் ஒரு சாலைச் சந்திப்பில் செருப்புத் தைத்த சூசை என்பவர், ஆதி திராவிடர், கிறிஸ்தவர். நடைபாதையில் தைப்பவர்களுக்கு 1982-இல் அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவர் அருகே உட்கார்ந்து அதே வேலையைச் செய்த இந்துக்களுக்குக் கிடைத்தது, அவருக்கு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985-இல் தீர்ப்பு வந்தது: சாதியால் வரும் இழிவும் இடர்ப்பாடும் கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை. மனு தள்ளுபடி.

அந்தத் தீர்ப்பை நினைத்துப் பாருங்கள். சூசைக்குப் பெட்டிக்கடை கிடைக்க வேண்டுமென்றால், அவருடைய சபை அவரைக் கொடுமையாக நடத்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். சபை தன் பாவத்தை நீதிமன்றத்தில் அறிக்கை செய்தால்தான் அவருடைய வெயிலுக்கு ஒரு கூரை. இந்தியாவின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் கத்தோலிக்க ஆயர் பேரவை எழுத்தில் ஒப்புக்கொண்டது 2016 டிசம்பரில். சூசை தோற்று 31 ஆண்டுகள் கழித்து.

எல்லாச் சவால்களிலும் இதையே கடினமானது என்று நான் எண்ணக் காரணம் யோவான் 9-ஆம் அதிகாரம். பிறப்பைப் பழியிலிருந்து அறுத்த இடத்தில்தான் கிறிஸ்தவம் வினைக் கொள்கையைவிட உயர்ந்து நின்றது. தத்துவத்தில் அதன் பலமே அந்த இடம். சபைக்குள் எழும் சுவர் சரியாக அந்த இடத்தில்தான் எழுகிறது. ரஸலுக்கு ஒரு தத்துவப் பேராசிரியர் பதில் எழுதலாம், நாவலருக்கு ஒரு வேத அறிஞர் எழுதலாம். இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கிடையாது.

தலித் இறையியலுக்குள்ளும் கேள்விகள் நிற்கவில்லை. ஊழியம் செய்கிற கடவுள் என்றால், ஊழியம் செய்கிறவன் அங்கேயே கிடக்கட்டும் என்று ஆகிவிடாதா? துன்பத்தைப் புனிதமாக்குவது யாருக்கு வசதி? சத்தியநாதன் கிளார்க் துன்புறும் ஊழியனை விட்டு, பறையர்களின் பறையிலே கிறிஸ்துவைத் தேடினார். அடிபடுகிற தோல்தான் ஊரை எழுப்பும் ஓசையும் ஆகிறது. பெனியல் ராஜ்குமார் 2010-இல் வந்த தன் நூலில், இவ்வளவு எழுதியும் சபைகளின் நடைமுறை ஏன் மாறவில்லை என்று தன் தரப்பையே கேட்டார். அவர் கேட்டது மிகச் சரி. மில்லர்ஸ் சாலையில் ஆங்கிலத்தில் எழுதப்படுவது, விழுப்புரத்துப் பங்கின் தேர் எந்தத் தெருவுக்குள் போகும் என்பதைத் தீர்மானிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக்கு உறவினர் ஒருவரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்புயரச் சுவர். செங்கல் பெயர்ந்த இடங்களில் புதுச் சிமெண்ட் பூசியிருந்தது. அதே நாளில் சுவருக்கு அப்பாலும் ஒரு சாவு. இளம் சாமியார் எங்கள் பக்கத்தில் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து, மண் போட்டுவிட்டு, புத்தகத்தில் அதே பக்கத்தில் விரலை வைத்தபடி கிளம்பினார். சுவரில் வாசல் கிடையாது. தார் ரோட்டுக்கு ஏறி, பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கத்து இரும்புக் கேட்டைத் திறந்து உள்ளே போனார். தீர்த்தச் சொம்பைத் தூக்கி வந்த பையன் மட்டும் சுவரில் கையை ஊன்றி எகிறி அந்தப் பக்கம் குதித்து, அவர் வருவதற்காகக் காத்து நின்றான்.